தார்ப்பாய்க்காரர் தைத்த குழந்தைச் சட்டை

வேலையிலிருந்து நின்ற மறுவாரமே தார்ப்பாய்க்காரர் வீட்டின்மேல் கை வைத்துவிட்டார். சும்மா இருக்கத் தெரியாத மனிதரைக் கொண்டுவந்து வீட்டில் உட்கார வைத்தால் வீடுதான் அனுபவிக்க வேண்டும். முதலில் தலையணை உறைகளுக்கு ஓரம் தைத்தார். தலையணையை உள்ளே வைத்தே தைத்துவிட்டதால், உறையைத் துவைக்க வேண்டுமென்றால் தலையணையையும் சேர்த்து ஊறப்போட வேண்டியதாயிற்று. அடுத்து ஜன்னல் திரை. அதை அவர் இறுக்கிக் கட்டியதில் காற்றும் வரவில்லை, வெளிச்சமும் வரவில்லை. பிறகு கால்மிதியை மூன்றாக மடித்துத் தைத்தார். அது படிக்கட்டு மாதிரி உயர்ந்து நின்றதில், வேலை முடிந்து வந்த மனைவி தடுக்கி விழுந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கள வேலைய விட்டு அனுப்பினாரே முதலாளி, அவர் புத்திசாலி" என்றாள், உட்கார்ந்தபடியே.

அந்த அம்மாள் மருத்துவமனையில் இரத்தம் எடுக்கிறவள். ஊசி போட்டதே தெரியாமல் எடுப்பாள் என்று பெயர். ஒரே வீட்டில் இரண்டு ஊசிக்காரர்கள்; அவள் ஊசி போன இடம் தெரியாது, இவர் ஊசி போன இடம் கூப்பிடு தூரத்திலிருந்தே தெரியும்.

இவர் வேலை பார்த்த பட்டறையில் லாரிகளுக்கு மேல்மூடி தைப்பார்கள், கூடாரம் தைப்பார்கள். துணியென்றால் கூடம் அளவு துணி. அதன் நடுவே தரையில் உட்கார்ந்து, தவழ்ந்து தவழ்ந்துதான் தைக்க வேண்டும். முழங்கால் எத்தனை காலம் தாங்கும்? ஒருநாள் தவழ்ந்துபோனவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். அதோடு போதும் என்று அனுப்பிவிட்டார்கள். முழங்கால்தான் போயிற்று, தையல் போகவில்லை. அவர் தைத்த மூடி கிழிந்ததாக ஒரு ஓட்டுநர்கூட வந்து நின்றதில்லை. லாரியே காயலான் கடைக்குப் போன பிறகும் மூடி மட்டும் அப்படியே இருந்ததுண்டு. இதை அவர் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். இரண்டாம் முறை வருகிறவர்களிடமும் சொல்வார்.

அவருக்கு ஒரே பெண். இந்தத் தையலால் உலகத்தில் அதிகம் கஷ்டப்பட்டது யார் என்று கேட்டால் அந்தப் பெண்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று மகளுக்கு ஒரு பை தைத்துக் கொடுத்தார். கரும்பச்சை தார்ப்பாய், நான்கு மூலையிலும் இரும்பு வளையம். மற்ற பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு பை மாற்றினார்கள், பூப்போட்டது, பொம்மை போட்டது என்று. இவள் பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் அதே பையைத்தான் சுமந்தாள். அவளுக்குப் பள்ளியில் வைத்த பெயர் 'லாரி'. வாத்தியார் ஒருவர்கூட வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார். பையைக் கிழிக்க அவள் படாத பாடு பட்டாள். சுவரோடு சேர்த்து உரசிக்கொண்டே நடந்தாள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. சைக்கிள் சக்கரத்தில் கொடுத்துப் பார்த்தாள், சைக்கிளுக்குத்தான் செலவு. சாயங்காலம் அப்பா பையை வாங்கித் தடவிப் பார்த்து, "பாத்தியா, ஒரு கீறல் இல்ல!" என்று பூரித்துப்போவார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போவாள். மழைக்கோட்டுக்கும் இதே கதைதான். அதைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது.

அப்படிப்பட்ட பெண் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். அப்பா பக்கத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். குழந்தை உண்டாகியிருக்கிறது என்ற விஷயத்தைச் சொல்லி, அம்மாவும் பெண்ணும் அழுது சிரித்து ஓய்ந்த பிறகு, பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, அப்பா பக்கத்துல இருக்காரா?"

"இல்லம்மா" என்றாள் அம்மா, அவரை நேராகப் பார்த்துக்கொண்டே.

"அப்பாகிட்ட சொல்லிடு. பாப்பாவுக்குன்னு எதுவும் தைக்க வேணாம். கெஞ்சிக் கேக்கறேன். நான் பட்டது போதும். என் பிள்ளைக்கும் லாரின்னு பேர் வேணாம்."

செய்தித்தாள் அசையவில்லை. போனை வைத்த பிறகுதான் அதன் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"யாரு தைக்கப் போறா? எனக்கு வேற வேலை இல்லையா?"

அவருக்கு வேறு வேலை இல்லை. அதுதான் உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, அவர் மனது அன்றைக்கு நன்றாக அடிபட்டுவிட்டது. பெற்ற பெண் வேண்டாம் என்று சொன்னது அவருக்கு வலித்தது. பிறக்கப்போகிற குழந்தை, தான் தைத்த ஒன்றை ஒரே ஒரு நாளாவது உடம்பில் போட வேண்டும், அதுவும் தன் பெண்ணே எடுத்துப் போட்டுவிட வேண்டும் என்ற ஆசை அந்த நிமிஷமே அவரைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே துணிக்கடை வாசலில் நின்றார்.

"குழந்தைக்குச் சட்டை தைக்கணும். நல்ல துணியா குடுங்க. கெட்டியா இருக்கணும், ஆனா பூ மாதிரி இருக்கணும்."

கடைக்காரர் ஆர்கானிக் காட்டன் என்று ஒரு சுருளை எடுத்துப் போட்டார். தார்ப்பாய்க்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். வெள்ளையாகவும் இல்லாமல் மஞ்சளாகவும் இல்லாமல், நடுநடுவே பழுப்புப் புள்ளி வேறு.

"என்னங்க, அழுக்கா இருக்கே?"

"அழுக்கு இல்லங்க. பருத்தியோட நிறமே அதுதான். பூச்சிமருந்து தெளிக்காம வளர்த்தது, வெளுக்கல, சாயம் போடல. அந்தப் புள்ளி பருத்திக்கொட்டையோட தோல்."

அவர் துணியை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தார். இரண்டு நாள் தாடியில் அது மாட்டிக்கொண்டது. கடைக்காரர்தான் மெதுவாக விடுவித்து எடுத்தார். பிறகு மோந்து பார்த்தார். தார் வாசனை, மெழுகு வாசனை, ரப்பர் வாசனை எதுவும் இல்லை. இத்தனை வருஷத்தில் வாசனையே இல்லாத துணியை அவர் கையில் தொட்டது அதுதான் முதல் தடவை.

வேலை ஆரம்பமாயிற்று. கோணி ஊசி பிடித்த கைக்கு மெல்லிய ஊசி பிடிபடவில்லை. அடிக்கடி காணாமல் போயிற்று. ஒருமுறை வீடு முழுக்கத் தேடி, மனைவியை எழுப்பி, அவள் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடி, கடைசியில் பார்த்தால் ஊசி அவருடைய கட்டைவிரலிலேயே குத்தி நின்றுகொண்டிருந்தது. காய்ப்பேறின விரல், அவருக்கு அது தெரியவேயில்லை.

முதல் சட்டை தயாரானது. ஓரத்தை மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, அதன்மேல் இரட்டைத் தையல் போட்டிருந்தார். மேசைமேல் வைத்தார். அது நின்றது. படுக்காமல், சாயாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தானாக நின்றது. மனைவி சுற்றிவந்து பார்த்தாள்.

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அவர் அதைப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பைத் துடைக்க அது இன்றைக்கும் அந்த வீட்டில் இருக்கிறது, ஒரு கீறல் இல்லாமல்.

இரண்டாவது சட்டையிலிருந்து அவருக்குப் புத்தி வந்தது. உறுதி வேறு, முரட்டுத்தனம் வேறு என்று கண்டுகொண்டார். மடிப்பைக் குறைத்தார். நூலைப் பாதியாக்கினார். குழந்தையின் தோலில் உரசக் கூடாது என்று தையல் விளிம்பையெல்லாம் வெளிப்பக்கம் வைத்தார். ஆனால் ஆர்கானிக் என்ற சொல் அவர் தலைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. துணி இருக்கும் அறையில் கொசுவத்தி வைக்கக் கூடாது. பவுடர் போட்டவர்கள் உள்ளே வரக் கூடாது. தலையில் எண்ணெய் வைத்தவர்கள் வாசலோடு நிற்க வேண்டும். யாராக இருந்தாலும் கை கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும்.

"எங்க ஆபரேஷன் தியேட்டர்லகூட இவ்வளவு கெடுபிடி இல்ல" என்றாள் மனைவி. "கொசு கடிச்சு நான் செத்தா அந்தத் துணியையே போத்தி அனுப்பிடுங்க."

தெருமுனையில் கடை வைத்திருந்த தையல்காரர் ஒருவர் அடிக்கடி வந்து போவார். எப்போதும் வாயில் நான்கைந்து பட்டனை அடக்கிக்கொண்டே பேசுவதால் அவருக்குப் 'பட்டன்' என்றே பெயர். அவர் சட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அண்ணே, உள்பக்கத்த வெளிய வெச்சுத் தைச்சுட்டீங்க."

"தெரிஞ்சுதான் தைச்சேன். உரசாம இருக்க."

"பட்டன் எங்கண்ணே? பட்டன் இல்லாம ஒரு சட்டையா?"

"நாடா இருக்குல்ல. பட்டன குழந்தை பிச்சு வாயில போட்டுக்கிச்சுன்னா?"

"யாராவது பட்டன வாயில போடுவாங்களாண்ணே?" என்றார் பட்டன். அவர் வாயில் ஐந்து கிடந்தது.

உரசுகிறதா என்று சோதிக்கத் தார்ப்பாய்க்காரரின் சொந்தத் தோல் பயன்படவில்லை. முள் குத்தினாலும் தெரியாத தோல். ஆகவே பட்டனின் கழுத்தில் குழந்தைச் சட்டையைச் சுற்றிக் கட்டி, சாயங்காலம் வரைக்கும் கழற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். பாவம், அவர் அதோடு கடையில் உட்கார்ந்திருந்தார். துணி கொடுக்க வந்தவர்கள், தொண்டை வலியா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். உறுதிக்கும் ஒரு சோதனை நடந்தது. சட்டையின் ஒரு கையை இவர் பிடித்துக்கொள்ள, மறு கையைப் பட்டன் பிடித்து இழுத்தார். சட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. பட்டன்தான் துணிக்கூடைக்குள் போய் விழுந்தார், இரண்டு பட்டனை விழுங்கிவிட்டு.

பிறகு எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஒன்று கொடுத்தார். அது சிமெண்டுத் தரையில் தவழ்ந்து தவழ்ந்து எல்லாச் சட்டையையும் வயிற்றுப் பக்கம் ஓட்டையாக்கிவிடுகிற குழந்தை. இவர் கொடுத்ததை ஒன்றும் செய்ய முடியவில்லை. குழந்தையின் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நாலு வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். அவரும் தைத்துக் கொடுத்தார். பாராட்டினால் உச்சி குளிராதா? குளிர்ந்தது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும், "இதெல்லாம் கை பழகறதுக்கு" என்று சொல்லிக்கொண்டார். எதற்குப் பழகுகிறார் என்பது மனைவிக்குத் தெரியும். கேட்காமல் விட்டாள்.

பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு இவர்கள் இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். மனைவியின் பைக்கு அடியில், துண்டுகளுக்குக் கீழே, மூன்று சட்டைகளை மடித்து வைத்திருந்தார். வழியெல்லாம் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில், பக்கத்து இருக்கைக்காரர் உள்ளே ஏதோ நகை இருக்கிறது என்று முடிவு செய்து இவரைப் பத்திரமாக இருக்கச் சொன்னார்.

குழந்தை குட்டியூண்டாக இருந்தது. அதற்கு உடுத்தியிருந்த சட்டை குழந்தையைவிடப் பெரிதாக இருந்தது. ஜிகினாப் பூ, அடுக்கடுக்காகச் சுருக்கம், முதுகில் பெரிய முடிச்சு. அந்த முடிச்சால் குழந்தையால் மல்லாக்கப் படுக்க முடியவில்லை. ஒரு பக்கமாகவே சாய்ந்து கிடந்தது. தார்ப்பாய்க்காரர் வாயைத் திறக்கவில்லை. அதற்கு அவர் பட்ட கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். நேரம் பார்த்து மூன்று சட்டைகளையும் எடுத்து நீட்டினார்.

"சும்மா கொண்டுவந்தேன். வேணும்னா ஜன்னல் தொடைக்கக்கூட வெச்சுக்கலாம்."

பெண் அவற்றைப் பார்த்தாள். தொடவில்லை.

"சொன்னேனேப்பா" என்றாள். அவ்வளவுதான். வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். அவரும் சரிசரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஜன்னல் பக்கமாகத் திரும்பி வெகுநேரம் எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியும்போதே மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. வீடெங்கும் கயிறு கட்டி ஈரத்துணி தொங்கிற்று. பெண் குளிக்கப் போயிருந்தாள், அம்மா சமையலறையில். குழந்தைக்குக் காவல் மாப்பிள்ளையும் மாமனாரும். மாப்பிள்ளை செல்போன் பழுது பார்க்கிறவர். பேச்சு குறைவு, பொறுமை அதிகம். காய்ந்திருந்த கடைசிச் சட்டையையும் குழந்தை நனைத்துவிட்டது. கழற்றிப் போட்டார்கள். மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை மேல்தட்டைப் பார்த்தார். "மாமா, அது இருக்கே."

"அவ திட்டுவா மாப்பிள்ள."

"திட்டட்டும் மாமா. வெறும் உடம்போட கிடக்கறா பாருங்க."

தார்ப்பாய்க்காரரே எடுத்துப் போட்டுவிட்டார். குழந்தையின் கை உள்ளே போன விதத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. முன்பக்கம் இரண்டு நாடா. கட்டினார். தெருக் குழந்தைகளுக்கெல்லாம் அதனதன் அம்மாவே கட்டிவிட்டாள். இவர் தன் கையால் கட்டியது இதுதான் முதல். சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தை கொட்டாவி விட்டுத் தூங்கிப்போயிற்று. "பாத்தீங்களா மாப்பிள்ள!" என்றார். சந்தோஷம் தாளாமல், டயப்பர் வாங்கி வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போனைச் சோபாவிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பெண் குளித்துவிட்டு வந்து குழந்தையைப் பார்த்தாள், பிறகு மேல்தட்டைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றார். ஆனால் அதற்குள் குழந்தை விழித்துக்கொண்டு நன்றாக நனைத்துவிட்டது. முதலில் கழற்றுவோம், பிறகு பேசிக்கொள்வோம் என்று பெண் நாடாவைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு இறுகியது.

மறுபக்கம் இழுத்தாள். இன்னும் இறுகியது. குழந்தை காலை உதைத்தது, அதற்கும் இறுகியது. வேறொன்றும் இல்லை, தார்ப்பாய்க்காரரின் கை பழக்க தோஷத்தில் லாரி முடிச்சைப் போட்டுவிட்டது. சரக்கு குலுங்கக் குலுங்க இறுகுகிற முடிச்சு அது. மலைப்பாதையில் இரண்டு நாள் ஓடுகிற லாரிக்குப் போடுவது.

"அம்மா! இங்க வாயேன்!"

அம்மா வந்தாள். நகத்தால் நெம்பினாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். "எத்தனை பேர் கையில நரம்பு தேடிக் கண்டுபிடிச்சிருக்கேன். இதுல தலை எங்க, வால் எங்கன்னே தெரியலயே!" என்றாள்.

மாப்பிள்ளை ஓடிப்போய்த் தன்னுடைய குட்டி ஸ்க்ரூடிரைவர்களைக் கொண்டுவந்தார். உலகத்தில் எந்தப் போனையும் பிரித்துவிடுகிற கை. விளக்கைப் போட்டு, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, முடிச்சின் மேல் குனிந்தார். குழந்தை அந்த லென்ஸைக் கொட்டக் கொட்டப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அவர் நிமிர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "வாரண்டி சீல் மாதிரி இருக்கு" என்றார்.

"கத்திரிக்கோல் எடுங்க" என்றாள் பெண்.

"பாப்பா வயித்துகிட்ட..."

"எடுங்கன்னா!"

எடுத்தார்கள். நாலாக மடித்துத் தைத்த நாடா. கத்திரிக்கோல் அதை மென்று பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. குழந்தையைச் சட்டையிலிருந்து மேல்வழியாக உருவிப் பார்த்தார்கள், கை வரவில்லை. கீழ்வழியாகப் பார்த்தார்கள், ஈரம் எல்லோருக்கும் பரவியதுதான் மிச்சம். அப்பாவுக்குப் போன் போட்டார்கள். சோபா மெத்தைக்கு அடியில் மணி அடித்தது.

அவர் டயப்பரும் கையுமாகச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தபோது, அறையில் நான்கு பேரும் நனைந்திருந்தார்கள். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போயிற்று. குடையைக்கூட மடக்காமல் வந்து, நாடாவின் ஒரு நுனியை மட்டும் பிடித்து ஒரு சுண்டு சுண்டினார். முடிச்சு அவிழ்ந்து விழுந்தது.

பெண் குழந்தையைத் துடைத்து, துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் வெடித்தாள்.

"ஏன்ப்பா இப்படிப் பண்றீங்க? எனக்கு நீங்க குடுத்தது எல்லாமே இப்படித்தான். போட்டா கழட்ட முடியாது. நான் வளர்ந்தேன், என் ஆசையெல்லாம் மாறிச்சு, நீங்க தைச்சது மட்டும் மாறவே இல்ல. வேணாம்னு சொன்னா அது உங்க காதுல விழாதா? இப்ப என் பிள்ளையையும் கட்டிப் போட்டுட்டீங்க!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் குடையைப் பிடித்தபடியே நின்றார்.

"கை தானா போட்டுடுச்சும்மா" என்றார். "லாரி மேல கட்டினது நடுவழியில அவுந்தா பின்னாடி வர்றவன் தலையில விழும். ராத்திரியெல்லாம் அந்த பயம்தான். அதே பயம் உன் மேலயும். எதுவும் கிழிஞ்சு, பிரிஞ்சு, உனக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னு. எனக்குப் பாசத்த வேற மாதிரி காட்டத் தெரியலம்மா."

பெண் குழந்தையைத் தட்டிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அன்று மதியம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, மூன்று சட்டையின் நாடாக்களையும் பிரிக்க ஆரம்பித்தார். நாலு மடிப்பை ஒரு மடிப்பாக்க வேண்டும்; நீளத்தைக் குறைக்க வேண்டும், அவர் கை மறந்துபோய்க்கூட லாரி முடிச்சுப் போட முடியாத அளவுக்கு. தன் வாழ்நாளில் தன் தையலைத் தானே பிரிக்க அவர் உட்கார்ந்ததில்லை என்பதால், அது எப்பேர்ப்பட்ட வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊசி வளைந்தது. மாப்பிள்ளையிடம் ஸ்க்ரூடிரைவர் இரவல் வாங்கி நெம்பினார். நகம் பிய்ந்தது.

"எந்த மடையன் தைச்சான் இத?" என்று அவர் தன்னை மறந்து கத்தியது அடுத்த அறை வரைக்கும் கேட்டது. அங்கே யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் வந்தது. மனைவியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இருட்டுவதற்குள் முடித்துவிட்டார். சட்டைகளைத் தொட்டில் பக்கத்தில் வைத்தார். "இப்ப பாப்பா உதைச்சாலே அவுந்துடும்" என்றார் பெண்ணிடம். உதைத்தால் அவிழ்கிற ஒன்றைச் செய்துவிட்டேன் என்று சொல்ல அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்! பெண் "ம்" என்றாள். அடுத்த நாள் இவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு அந்தச் சட்டைகளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கிணற்றில் போட்ட கல்தான். குழந்தையின் போட்டோ மட்டும் தினமும் போனில் வந்தது. அவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சட்டையைப் பார்ப்பார். சிவப்பு ஜிகினா. நீல ஜிகினா. மயில் படம். காதுவைத்த குல்லாய். "இந்தப் பூ நாளைக்கு விழுந்துடும்" என்பார் ஆரம்பத்தில். போகப் போக அதுவும் சொல்வதில்லை. ஒன்றில்கூட அந்தப் பழுப்புப் புள்ளித் துணியைக் காணோம்.

"அவ இஷ்டம்" என்றார் ஒருநாள், யாரும் எதுவும் கேட்காதபோதே. ஊசிப்பெட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்தார். எதிர்வீட்டம்மா அடுத்த சட்டை கேட்டு வந்தாள்; உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். பட்டன் வந்து, கழுத்தை வேண்டுமானால் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. வீட்டில் கால்மிதி, திரை எதையும் தொடாமல் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து மனைவி நிஜமாகவே பயந்தாள். ஒருநாள் வேண்டுமென்றே ஒரு தலையணை உறையைக் கிழித்து அவர் எதிரில் போட்டாள். "கடையில வாங்கிக்கோ" என்றுவிட்டார்.

அப்புறம் ஒரு காலை வேளையில் போன் அடித்தது. மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர்தான் எடுத்தார்.

"அப்பா, அந்தச் சட்டை பத்தலப்பா."

"எந்தச் சட்டை?"

"என்னப்பா, எந்தச் சட்டைன்னு கேக்கறீங்க? நீங்க தைச்சதுதான். மூணும் பத்தல. கை உள்ள போக மாட்டேங்குது."

அவருக்குத் தொழில் புத்திதான் முதலில் வந்தது. "ஏன், தையல் விட்டுடுச்சா?"

"ஒரு நூல் நகரல. தினம் துவைக்கறேன், இன்னும் புதுசாத்தான் இருக்கு. தொட்டா முன்னவிட மெத்துனு இருக்கு."

"தினமா?"

"பின்ன? காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. மூணும் ஈரமா இருந்தா தூங்கவே மாட்டேங்கறா. உங்க மாப்பிள்ளை நின்னு விசிறி விட்டுக் காய வெப்பாரு."

"போட்டோல ஒண்ணுலயும் காணோமேம்மா."

"ஐயோ அப்பா! போட்டோவுக்குத்தான் அந்த ஜிகினா. போட்ட உடனே கத்துவா. எடுத்து முடிச்சதும் கழட்டி உங்க சட்டைய மாட்டிடுவேன். நீங்க போன அன்னிக்கே நான்தான் போட்டுவிட்டேன். சொல்லணும்னுதான் நெனச்சேன். அவ்வளவு கத்திட்டேனா, எப்படிச் சொல்றதுன்னு வெக்கமா இருந்துச்சு."

இரண்டு மூன்று முறை தொண்டையைச் செருமினார். பிறகு மடை திறந்த மாதிரி கொட்டினார். "அப்ப ஒண்ணு பண்றேன். பெருசா பத்து தைச்சு அனுப்பறேன். மூணு வயசு வரைக்கும் வர்ற மாதிரி, கைய மடிச்சு விட்டுக்கலாம், அவ வளர வளர..."

"வேணாம்ப்பா!"

அவர் நிறுத்தினார்.

"மூணு வயசுக்கெல்லாம் இப்ப தைக்காதீங்க. இன்னிக்கு இருக்கற உடம்புக்கு மட்டும் தைங்க. அதுவும் பத்தாமப் போகும்ல, அப்ப மறுபடி உங்ககிட்ட கேக்கறேன்."

"மறுபடி கேப்பியா?"

"கேப்பேன்ப்பா. அவ வளர்ந்துக்கிட்டேதான இருக்கா."

போனை வைத்துவிட்டு அவர் அப்படியே நின்றார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கைப்பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னங்க? என்ன ஆச்சு? பாப்பாவுக்கு ஏதாவதா?"

"சட்டை பத்தலயாம்" என்றார் அவர். "மறுபடி கேப்பாளாம்."